ராட்சதப் புழு குறும்படம்: மினியேச்சர் (சின்ன அளவில் செய்த மாதிரி) ஏன் பொம்மை மாதிரி தெரியுது?

மண்புழு_ராஜா கேட்டது:
எட்டு நிமிட காமெடி ஹாரர். ரசாயனக் கழிவு ஊறிய நிலத்தில் 20 அடிக்கு வளர்ந்த மண்புழு. ராட்சதப் புழுக்கள் வரும் 'ட்ரெமர்ஸ்' (1990) படம் மாதிரி கையால் செய்து எடுக்கணும், சிஜி (கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ்) வேண்டாம். ஃபோமும் லேட்டக்ஸும் வைத்து 5 அடிப் புழு தயார். செல்போனில் வினாடிக்கு 24 ஃப்ரேமில் (24 படங்கள்) எடுத்தால் பொம்மலாட்டம் மாதிரி துள்ளுது. மண்ணும் கட்டி கட்டியாய்த் தெறிக்குது. எங்கே தப்பு? பயமும் சிரிப்பும் ஒன்றையொன்று கெடுக்காமல் எப்படி வைப்பது?

களிமண்கை:
தப்பு ஃப்ரேம் வேகத்தில். 20 அடி உயரத்திலிருந்து விழும் மண் தரையைத் தொட 1.1 வினாடி ஆகும். 5 அடியிலிருந்து 0.56 வினாடிதான். கண்ணுக்கு அந்தக் கணக்கு தெரியும், அதனால்தான் 'சின்னது' என்று உடனே பிடித்துவிடுகிறது. பெரிதாகக் காட்டும் மடங்கின் வர்க்கமூலத்தை 24 உடன் பெருக்குங்க. உங்களது 4 மடங்கு, ஆகவே 48 ஃப்ரேம். 9 மடங்கென்றால் 72, 16 என்றால் 96.

பெரும்பாலான போன்களில் 48 இருக்காது. 60-ல் எடுத்து, எடிட்டிங் ஆப்பில் 24 ஃப்ரேம் டைம்லைனில் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் போட்டால் 2.5 மடங்கு மெதுவாகும். அந்தக் கிளிப்பின் வேகத்தை 125 சதவீதம் வைத்தால் சரியாக 2 மடங்கு. புழுவை ஆட்டுகிறவர்கள் திரையில் வேண்டியதைப் போல இரண்டு மடங்கு வேகமாக ஆட்டணும். இதை மறந்தால் புழு தூங்கி வழியும்.

எல்இடி விளக்கில் எடுத்தால் பட்டை பட்டையாய் மினுக்கலாம். நம்ம மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் ஷட்டரை (ஒவ்வொரு ஃப்ரேமும் வெளிச்சம் வாங்கும் நேரம்) 1/100 வினாடியில் பூட்டுங்க. வெயில் கிடைத்தால் அதற்கு ஈடே இல்லை. பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோட் பக்கமே போகாதீங்க: பின்னணி மங்கினால் அடுத்த நொடியே மினியேச்சர் என்று தெரிந்துவிடும். சின்ன சென்சார் (படம் பதியும் சில்லு) என்பதால் முன்னும் பின்னும் கூர்மையாய் விழுவது போனின் பலம், அதைக் கெடுக்க வேண்டாம். பெரிய கேமரா என்றால் லென்ஸின் துவாரத்தை எஃப் 16 வரை மூடணும் (எஃப் எண் கூடக் கூடத் துவாரம் சிறிதாகும்), எஃப் 5.6-ல் 24 ஃப்ரேம் எடுத்த இடத்தில் எஃப் 16-ல் 48 ஃப்ரேமுக்கு 16 மடங்கு வெளிச்சம் தேவைப்படும்.

கேமரா உயரம் தரையிலிருந்து 16 அங்குலம். மனிதக் கண்மட்டத்தின் கால் பங்கு அது. மேலிருந்து எடுத்த ஷாட் எல்லாம் வீண்.

சல்லடை சொன்னது:
மண்ணை நன்றாகக் காய வைத்து மாவுச் சல்லடையில் சலியுங்க. அதோடு மூன்றில் ஒரு பங்கு முல்தானி மிட்டி. ஹாலிவுட்டில் காலங்காலமாகப் புழுதிக்குப் போடும் ஃபுல்லர்ஸ் எர்த் இதேதான். தூள் நுரையீரலுக்குப் போகும், எல்லோரும் மாஸ்க் போடணும். கற்களுக்குத் தக்கைத் துண்டு. நிஜக் கல் சின்ன செட்டில் துள்ளும் துள்ளல் காட்டிக்கொடுத்துவிடும்.

புழுவின் வாய்ச்சளிக்கு மெத்தில் செல்லுலோஸ் (தண்ணீரைக் கெட்டியாக்கும் தூள்), லிட்டருக்கு 15 முதல் 20 கிராம். கொதிநீர் மூன்றில் ஒரு பங்கில் தூளைக் கலக்கிவிட்டு மீதியைக் குளிர்ந்த நீராய் ஊற்றணும். ஆற ஆறத்தான் கெட்டிப்படும். நேராகப் பச்சைத் தண்ணீரில் கொட்டினால் கட்டி விழும், பிறகு அது எளிதில் கரையாது.

இடைவேளை சொன்னது:
சிரிப்பைப் பற்றி ஒரே விதி: மிருகம் காமெடி பண்ணக்கூடாது. ட்ரெமர்ஸில் புழு ஒரு இடத்திலும் விளையாடாது. அதற்குக் கண் இல்லை, தரை அதிர்வை வைத்தே இரை தேடும். அந்த ஒற்றை விதியை ஆரம்பத்திலேயே நிறுவிவிட்டு, மனிதர்களைப் பாறை மேல் ஏற்றி உட்கார வைத்துவிடுகிறார்கள். இறங்கினால் சாவு, அதனால் அங்கேயே வாக்குவாதம். சிரிப்பு அங்கிருந்துதான் வருது. துப்பாக்கிப் பைத்தியமான பர்ட் கம்மர் என்ற பாத்திரத்தின் வீட்டு நிலவறைக் காட்சியைப் பாருங்க: சுவர் முழுக்கத் துப்பாக்கி, ஒன்று தீர்ந்தால் அடுத்தது, புழு இன்னும் உள்ளே வந்துகொண்டே இருக்கு. பயமும் சிரிப்பும் ஒரே கயிற்றில் இழுபடுகிற காட்சி.

நேர்மாறாக 'நைட் ஆஃப் தி லெப்பஸ்' (1972). நிஜ முயல்களை மினியேச்சர் செட்டில் ஓடவிட்டு ஸ்லோமோஷனில் காட்டினார்கள். அளவு சரி, ஆனால் முயலின் முகத்தில் பயமில்லை. படம் கேட்காத சிரிப்பு வந்தது. 'எய்ட் லெக்ட் ஃப்ரீக்ஸ்' (2002) சிலந்திகளுக்குக் கார்ட்டூன் கீச்சொலி கொடுத்தது. கலகலப்பு கூடியது, பயம் குறைந்தது என்பது என் கருத்து.

புழுவின் முழு உடலையும் ஐந்தாம் நிமிடம் வரை காட்டாதீங்க. மண் எழும்பி வருவது மட்டும் போதும்.

மண்புழு_ராஜா:
அந்த மண் எழும்புவதை எப்படி எடுப்பது?

களிமண்கை:
மூன்றடி உயர மேசைப் பலகையில் நாலங்குல அகலத்துக்கு நீள வெட்டு. மேலே தளர்வாய் ரப்பர் ஷீட், அதன் மேல் அரை அங்குலம் மண். மேசைக்கடியில் சக்கரம் வைத்த சறுக்குப் பலகையில் உயரமான கட்டை நிறுத்தி, அதன் மேல் பாதிப் பந்தைப் பொருத்தி, வெட்டு வழியாக அது ஷீட்டை முட்டும்படி கயிற்றால் இழுங்க. கயிறு அந்தச் சறுக்குப் பலகையின் மட்டத்திலேயே கிடைமட்டமாய்ப் போகணும். சாய்ந்தால் பந்து தலைகுப்புறும். இந்த ஷாட்டுக்கு மட்டும் மண்ணின் மேல்பரப்பில் லேசாய்த் தண்ணீர் தெளியுங்க. காய்ந்த மண் வழிந்தோடும், ஈரமண்தான் விரிசல் விட்டு எழும்பும். ஒவ்வொரு டேக்குக்கும் மண்ணை மறுபடி பரப்பணும், அதற்கே இருபது நிமிடம் ஒதுக்குங்க.