சோதனைப் பாத்தி அறுவடை: மெஷினுக்குள் தங்கும் தானியத்துக்கு வழி சொல்லுங்கள்

வணக்கம். 1.2 மீட்டர் அகலத்தில் வெட்டும் சின்ன கம்பைன் (கதிரை அறுத்து அடிக்கும் மெஷின்) ஒன்றைக் கோதுமை ரகச் சோதனைக்கு மாற்றி அமைக்கிறோம். பாத்தி ஒவ்வொன்றும் 1.2 × 5 மீட்டர். எக்டேருக்கு 5 டன் விளைந்தாலும் பாத்திக்கு 3 கிலோதான். அதில் 100 கிராம் உள்ளே தங்கி அடுத்த பாத்தியோடு சேர்ந்தாலே 3 சதவீதத்துக்கு மேல் பிழை. விதைக் கலப்பு தனித் தலைவலி.

தானியத்தைத் தள்ளிச் செல்லும் ஆகர் சுருளுக்கும் அதன் தொட்டிக்கும் இடைவெளி விட்டே ஆகவேண்டும். அங்கே எப்போதும் தானியம் கிடக்கும். தானியத்தை மேலே தூக்கும் எலிவேட்டர் அடியிலும் அதே கதை. அதனால் இரண்டையும் கழற்றிவிட்டோம். சல்லடைக்குக் கீழே 45 டிகிரி சரிவுத் தகடு, 10 செ.மீ. குழாய், மேலே சைக்ளோன் (காற்றைச் சுழற்றி மணியைப் பிரிக்கும் கூம்பு), அதற்கும் அப்பால் உறிஞ்சும் புளோயர். குழாயில் காற்று வேகம் நொடிக்கு 20 மீட்டர். குறைத்தால் செங்குத்துக் குழாயில் தேங்குகிறது, கூட்டினால் வளைவில் மோதி மணி உடைகிறது.

சிக்கல் சைக்ளோனின் அடியில்தான். கதவு லேசாகக் கசிந்தாலும் காற்று உள்ளே ஏறி, இறங்கிய மணியையே மேலே தூக்குகிறது. காற்றை அடைத்தபடியே மணியை இறக்கும் சுழல் வால்வு போட்டால் அதன் அறைகளிலும் மணி தங்குமே! ரப்பர் ஓரம் வைத்த இரட்டைக் கதவு யாராவது போட்டிருக்கிறீர்களா? ரப்பர் என்ன தடிமன்?

இன்னொன்று: லோட் செல்லில் (எடை உணரி) எடை பார்க்கும்போது கதிரடிக்கும் டிரம்மை நிறுத்துகிறீர்களா, அதிர்வுத் தாங்கி போதுமா? பயறுக்கு 40 செ.மீ. டிரம்மை நிமிடத்துக்கு 1200 சுற்றிலிருந்து 500 அளவுக்கு இறக்க வேண்டும். புல்லி மாற்றினால் சல்லடையும் விசிறியும் சேர்ந்து வேகம் குறையாதபடி பெல்ட்டை எங்கிருந்து பிரித்தீர்கள்? படம் இருந்தால் போடுங்கள்.