ஏழாம் ஃப்ரெட் பெண்டு: தப்பு கையிலயா, பிரிட்ஜிலயா?

பாம்பன்_தந்தி:
எலக்ட்ரிக் கிதார், மிதக்கிற பிரிட்ஜ் (கம்பியைத் தாங்கி, ஸ்பிரிங் இழுவையில நிக்கிற தகடு), பின்னால 3 ஸ்பிரிங், 10 செட் கம்பி (1ஆம் கம்பி 0.010 அங்குலம்). 3ஆம் கம்பி 7ஆம் ஃப்ரெட் (மெட்டு) 'டி'யை பெண்டு பண்ணி, அதாவது கம்பியை மேல தள்ளி, 'ஈ' ஸ்வரத்துக்குக் கொண்டுபோகணும். அதே நேரம் 2ஆம் கம்பி 8ஆம் ஃப்ரெட்ல சுண்டுவிரல் பிடிச்ச 'ஜி' அசையாம நிக்கணும். தனித்தனியா சுத்தமா வருது, சேர்த்து மீட்டினா ஒட்டவே மாட்டேங்குது. என்ன வழி?

தொண்டி_கிதார்:
9 செட்டுக்கு மாறுங்க தம்பி. 3ஆம் கம்பி 0.017 அங்குலத்துலேர்ந்து 0.016 ஆகும். 25.5 அங்குல ஸ்கேல்ல (அதிர்ற கம்பி நீளம்) இழுவிசை சுமார் 7.5 கிலோவிலிருந்து 6.7 கிலோவுக்கு இறங்கும். விரலுக்குப் பாரம் குறைஞ்சா சுண்டுவிரல் தானா அடங்கும்.

மண்டபம்_வீணை:
இதை நான் ஏத்துக்க மாட்டேன் அண்ணே. எந்தக் கம்பியா இருந்தாலும் முழு ஸ்வரம் ஏற இழுவிசை ஏறக்குறைய 26 சதவீதம் கூடியே ஆகணும். மெல்லிசுக் கம்பியில தள்ளத் தேவையான பலம் குறையும். தள்ற தூரம் ஏறக்குறைய அதேதான்.

முதல்ல அந்த 'ஜி' எந்தப் பக்கம் நழுவுதுன்னு கேளுங்க. ஏறினா விரல் கோளாறு: சுண்டுவிரலும் சேர்ந்து தள்ளுது. இறங்கினா பிரிட்ஜ் கோளாறு: ஒரு கம்பியோட இழுவிசை கூடினதும் பிரிட்ஜ் முன்னால சாயுது, மத்த அஞ்சும் தளருது. வீணையில எவ்வளவு இழுத்துக் கமகம் பிடிச்சாலும் குதிரை நகராது, பக்கத்துத் தந்தி இறங்காது. இங்க அப்படி இல்லை.

சோதனை சுலபம். 1ஆம் கம்பியை விரல் வைக்காம மீட்டுங்க. அது ஒலிக்கும்போதே 3ஆம் கம்பியைத் தள்ளி, ஸ்வரம் காட்டுற ட்யூனர்ல 1ஆம் கம்பி இறங்குதான்னு பாருங்க.

தொண்டி_கிதார்:
சோதனை சரிதான். ஆனா அடுத்து எல்லாரும் ஸ்பிரிங்கை ஏத்தி பிரிட்ஜை கிதார் உடம்போட ஒட்டவச்சிடுறாங்க. அப்புறம் ஆர்ம் (பிரிட்ஜை அசைக்கிற கைப்பிடி) கீழ மட்டும்தான் போகும், மேல இழுக்க முடியாது. அந்த மெல்லிய நடுக்கமும் போயிடும், அதைத்தான் என்னால தாங்க முடியலை. அதுக்குப் பதிலா வலது உள்ளங்கை அடிப்பாகத்தை பிரிட்ஜ் தகட்டோட பின்விளிம்புல வச்சு, தள்ளும்போது லேசா அழுத்துங்க. தகடு எழும்பாது.

மண்டபம்_வீணை:
மெதுவான பாட்டுக்கு அது சரி. வேகமா வரும்போது ஒவ்வொரு தடவையும் ஒரே அழுத்தம் கிடைக்காது. இந்த லிக்தான் (சின்ன வாசிப்புத் துணுக்கு) முக்கியம்னா 5 ஸ்பிரிங் மாட்டுங்க. கம்பியைத் தளர்த்தி மாட்டி, மறுபடி ட்யூன் பண்ணி, பின்னால இருக்கிற ரெண்டு நீளத் திருகையும் அரைச் சுத்து அரைச் சுத்தா இறுக்குங்க. ஒவ்வொரு தடவையும் ட்யூன் பண்ணணும். தகடு படிஞ்சதும் இன்னும் அரைச் சுத்து. அதோட கம்பியும் தாழும், அதனால சேடிலை (பிரிட்ஜ்ல கம்பி உக்காருற துண்டு) ஏத்தி 12ஆம் ஃப்ரெட் ஸ்வரத்தைச் சரிபாருங்க.

விரலையும் விட்டுடாதீங்க. மோதிர விரல் தனியாத் தள்ளக் கூடாது, நடுவிரலும் ஆள்காட்டியும் அதே கம்பியில பின்னால முட்டுக் கொடுக்கணும். கட்டைவிரலை நெக் மேல வளைச்சுப் பிடிச்சு, கதவுக் குமிழைத் திருப்புற மாதிரி மணிக்கட்டைத் திருப்புங்க.

கீழக்கரை_ஆறுகம்பி:
ரெண்டு பேரும் உப்புக்காத்தை மறந்துட்டீங்க. நம்ம கரையில 3ஆம் கம்பி சீக்கிரம் துருப்புள்ளி பிடிக்கும். ஃப்ரெட் மேல கரகரன்னு உரசி, 'ஈ'க்குக் கொஞ்சம் கீழயே நின்னுடும். வாசிச்சு முடிச்சதும் காஞ்ச பருத்தித் துணியைக் கம்பிக்கு அடியிலயும் விட்டுத் துடைங்க. பெண்டை விட்டதும் கம்பி பழைய ஸ்வரத்துக்குத் திரும்பாம கீழ நின்னா நட் (நெக் முனையில கம்பி படிஞ்சு போற கட்டை) பள்ளத்துல மாட்டுது. பென்சில் கரியைத் தேய்ங்க. பின்பக்கத் திருகு துருவில் இறுகியிருந்தா பலங்கொண்டு திருகாதீங்க. ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊறட்டும்.

பாம்பன்_தந்தி:
சோதிச்சேன். 1ஆம் கம்பி நல்லாவே இறங்குது, அப்போ பிரிட்ஜ்தான். உள்ளங்கை வச்சா 'ஜி' நிக்குது, ஆனா மூணு தடவையில ஒரு தடவை நழுவுது. ஸ்பிரிங் ஏத்தப் போறேன். திருகுல துரு இருக்கு, எண்ணெய் விட்டிருக்கேன்.

தொண்டி_கிதார்:
சரி தம்பி, ஆனா முதல்ல 4 ஸ்பிரிங் மட்டும் மாட்டி மிதக்கவே விட்டு ஒரு தடவை கேளுங்க. அஞ்சாவதை அப்புறம் மாட்டிக்கலாம்.