போதை ஊசி போடும் தம்பிகளை எச்.ஐ.வி. டெஸ்டுக்கு அழைத்துப் போன அனுபவம் இருக்கிறதா?

மெடிக்கல் அண்ணன், கிருஷ்ணகிரி:
இருட்டிய பிறகு இன்சுலின் சிரிஞ்ச் கேட்டு வரும் பையன்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும். வலி மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றுகிறவர்கள். சீட்டு இல்லாமல் மாத்திரை தரமாட்டேன், அதில் பேச்சே இல்லை. சிரிஞ்சையும் தராதே என்பார் முதலாளி. தராவிட்டால் இருக்கிற ஒன்றையே நாலு பேர் மாற்றி மாற்றிப் போடுவார்கள். எச்.ஐ.வி.க்கு அதைவிட நல்ல வழி வேண்டுமா?

அவர்களில் ஒருவன் அக்னி வெயிலிலும் முழுக்கைச் சட்டையில்தான் வருவான்.

"டெஸ்ட் எடுத்தியாடா தம்பி?"

"எடுத்தா போலீசுக்குச் சொல்லிருவாங்கண்ணா."

நோயை விட அந்தப் பயம்தான் அவனுக்குப் பெரிது. அரசின் எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்கும் நம்பிக்கை மையத்தில் இலவசம், உன் சம்மதம் இல்லாமல் ரத்தம் எடுக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது, 2017-இல் சட்டமே போட்டிருக்கிறார்கள் என்றேன். தலையாட்டினான், போகவில்லை. இங்கே தெரிந்தவர்கள் பார்ப்பார்களாம். சரி வா என்று தர்மபுரி பஸ்ஸில் ஏற்றி, நானும் கூடப் போனேன்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ரத்தம் எடுக்கும்போதுதான் சிக்கல். குத்திக் குத்தி நரம்பெல்லாம் சுருங்கிக் கிடந்தது. லேப் அக்கா திட்டுவார் என்று கையை இழுத்துக்கொண்டான். அவரோ, "உனக்குத்தான் தெரியும், எங்க கெடைக்கும்னு நீயே காட்டு சாமி" என்றார். புறங்கையைக் காட்டினான். அப்புறம்தான் ஆலோசகரிடம் வாயைத் திறந்தான்.

பாசிட்டிவ். முன்பெல்லாம் எதிர்ப்புச் சக்தி குறையும்வரை காத்திருக்கச் சொல்வார்கள். 2017 முதல் அப்படியில்லை, தெரிந்ததுமே எச்.ஐ.வி.யை அடக்கி வைக்கும் ஏ.ஆர்.டி. சிகிச்சை ஆரம்பிக்கலாம். டோலுடெக்ராவிர் என்ற மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்று.

பாலக்கோடு அக்கா:
என் தம்பிக்கு முதல் டெஸ்டில் ஒன்றும் இல்லை. ஆனால் கடைசியாக ஊசி போட்டது சமீபத்தில் என்பதால் மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள். அந்த இரண்டாம் தடவைதான் பலரும் போவதில்லை. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸுக்கான டெஸ்டும் கேட்டு எடுங்கள். ஊசியை மட்டும் புதிதாக எடுத்தால் போதாது, மாத்திரையைக் கரைக்கும் மூடி, வடிகட்டும் பஞ்சு வழியாகக்கூடப் பரவும். அதற்கும் அரசில் இலவச மருந்து உண்டு, பெரும்பாலும் 12 வாரம்.

விட்டவன், ஓசூர்:
அக்கா சொல்வது சரி. ஆனால் ஊசியை நிறுத்தினால் உடம்பு முறுக்கும், தூக்கம் வராது, அந்த நேரத்தில் எவனுக்கு ஏ.ஆர்.டி. ஞாபகம் வரும்? போதை ஊசிக்குப் பதிலாக டாக்டர் தரும், நாக்குக்கு அடியில் வைக்கும் புப்ரெனார்பின் மாத்திரை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அது கிடைத்த பிறகுதான் நான் ஒழுங்காக மாத்திரை போட்டேன். எங்கே போவது என்று தெரியாதவர்கள் எச்.ஐ.வி. உதவி எண் 1097-க்குக் கூப்பிடுங்கள், காசில்லை. மெடிக்கல் அண்ணா, அந்தத் தம்பி மாத்திரையை விடாமல் போடுகிறானா?