எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல்: புதுச்சேரியா, கோவையா?

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். சென்னிமலை பக்கம், பி.எஸ்சி. வேதியியல் கடைசி வருஷம். அடுத்து சுற்றுச்சூழல் அறிவியல்ல எம்.எஸ்சி. சேரலாம்னு இருக்கேன்.

ஏன் இதுன்னு கேட்பீங்க. எங்க தோட்டம் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழ. பாசனத்துக்குன்னு நொய்யல்ல கட்டின அணை, திருப்பூர் சாயக்கழிவு தேங்குற குட்டையாப் போச்சு. 2011-ல உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதெல்லாம் உங்களுக்குத் தெரியும். எங்க கிணத்துத் தண்ணியோட கடினத்தன்மையை கல்லூரி லேப்ல பார்த்தேன். பியூரெட்ல (அளவுக் குழாய்) இருந்து கடினத்தன்மையை அளக்குற ஈடிடிஏ கரைசல் முக்கால்வாசி இறங்கின பிறகுதான் தண்ணியோட ஒயின் சிவப்பு நீலமா மாறுச்சு, அவ்வளவு கடினம். இதைத்தான் படிக்கணும்னு அப்பவே தோணிடுச்சு.

புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்கு க்யூட் பிஜி (மத்தியப் பல்கலைக்கழகங்களோட முதுநிலை நுழைவுத் தேர்வு) எழுதணும். அங்க பாடத்தோட பேரே ‘சூழலியல் மற்றும் சுற்றுச்சூழல் அறிவியல்’. காடு, பல்லுயிர் பக்கம் அதிகம் சாயுமோ? எனக்கு நீரும் மண்ணும்தான் வேணும். கோவை பாரதியார் பல்கலைன்னா வீட்டுக்குப் பக்கம், அம்மாவோட ஓட்டு அதுக்குத்தான். ரெண்டுல எங்க ஏஏஎஸ் (உலோகங்களோட அளவைக் கண்டுபிடிக்கிற கருவி) மாதிரி கருவிகளை மாணவங்களே கையாள விடுவாங்க? கண்ணாடிக்கு வெளிய நின்னு வேடிக்கை பார்க்குற படிப்பு வேண்டாங்க.

2021-லேர்ந்து கேட் தேர்வுல (பொறியியல், அறிவியல் பட்டதாரிகளுக்கான தேசியத் தகுதித் தேர்வு) சுற்றுச்சூழல் தாள் தனியா இருக்கு. பொறியியல் படிக்காதவங்க யாராவது எழுதியிருக்கீங்களா, கணக்குப் பகுதியை எப்படிச் சமாளிச்சீங்க? மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துலயோ தனியார் ஆய்வகத்துலயோ வேலையில இருக்குறவங்க, எம்.எஸ்சி.க்கு உள்ள மதிப்பை ஒளிக்காமச் சொல்லுங்க. பழைய க்யூட் வினாத்தாள் இருந்தா இங்கேயே போடுங்க, மத்தவங்களுக்கும் உதவும்.