மணிக்கட்டு ஜவ்வு கிழிந்த சார்ட்: மறக்க முடியாத அனுபவம் இருந்தால் எழுதுங்கள்

தண்டையார்பேட்டைக் கோடர்

நான் மெடிக்கல் கோடர். நோயாளியின் மருத்துவப் பதிவை, அதாவது சார்ட்டைப் படித்து, நோய்க்கும் காயத்துக்கும் காப்பீட்டு பில்லுக்கான ஐசிடி-10 குறியீடு போடும் வேலை. இரண்டு வருடம் ஆகிவிட்டது. இன்னும் மணிக்கட்டு சார்ட் திரையில் வந்தால் வயிற்றைப் பிசைகிறது. அதனால் எழுதித் தொலைத்துவிடுகிறேன்.

இரவு ஷிப்ட். அமெரிக்காவில் ஒரு அம்மாள் வாசலில் உறைபனி வழுக்கி, வலக்கையை ஊன்றி விழுந்திருக்கிறார். வெளிநோயாளர் சார்ட். நம் பக்கத்தில் வழுக்குவதென்றால் மீன் கழுவிய தண்ணீர்தான். பனியில் விழுந்ததற்கென்றே டபிள்யூ00.0 என்று தனிக் குறியீடு இருப்பதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தேன். மருத்துவர் குறிப்பில் பக்கத்தின் கடைசி வரி: ஸ்கேஃபோலூனேட் லிகமென்ட் (மணிக்கட்டில் ஸ்கேஃபாய்டு, லூனேட் என்ற இரண்டு சிறு எலும்புகளைக் கட்டும் ஜவ்வு) கிழிவு. அடுத்த பக்கத்தின் தலையில் அதன் வால்: சந்தேகம், எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லியிருக்கிறது.

அந்த வாலைக் கவனிக்கவில்லை என்றுதான் அலுவலகத்தில் சொன்னேன். பொய். கவனித்தேன். கவனித்துவிட்டுத்தான் எஸ்63.391ஏ போட்டேன். வலது மணிக்கட்டு, லிகமென்ட் அறுந்தது, முடிந்தது. விடிவதற்குள் இன்னும் பதினோரு சார்ட் பாக்கி இருந்தது.

போட்ட குறியீடுகளைச் சரிபார்க்கும் ஆடிட்டில் மாட்டியது. குழுத்தலைவி அக்கா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். திட்டவில்லை. கையிலிருந்த நீலப் பேனா மூடியைத் திரையில் 'சந்தேகம்' என்ற சொல்லின்மேல் வைத்து, அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். அந்த மூடிதான் இன்னும் கண்ணில் நிற்கிறது. வெளிநோயாளர் சார்ட்டில் சந்தேகத்தை நோயாக எழுதக் கூடாது, உறுதியானதை மட்டும் எழுத வேண்டும் என்பது முதல் மாதப் பாடம். எம்25.531, வலது மணிக்கட்டு வலி, அவ்வளவுதான் போட்டிருக்க வேண்டும்.

காசிமேட்டுக்காரன்

அக்கா, உங்களுடையது கடல் தாண்டிய கதை. எங்களுடையது இங்கேயே நடந்தது. நான் கோடர் இல்லை, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி இறக்குகிறவர். தளத்தில் கால் வாரிவிட்டது. வழக்கம்போல முதலில் மாவுக்கட்டு. இருபது நாள் கழித்தும் தேநீர் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. பிறகு ஒரு தனியார் மருத்துவமனையில் ஜவ்வு கிழிந்திருக்கிறது என்று அறுவை சிகிச்சையே செய்தார்கள். காப்பீட்டுப் படிவத்தில் மருத்துவமனை நிரப்பும் பகுதி பி-யில் ஐசிடி-10 குறியீட்டுக்கு ஒரு கட்டம் உண்டு. அதில் யாரோ எஸ்63.5, அதாவது சுளுக்கு, என்று எழுதிவிட்டார்கள்.

காப்பீட்டுத் தரப்பிலிருந்து ஒரே கேள்வி: சுளுக்குக்கு எதற்கு அறுவை சிகிச்சை?

அண்ணன் கையோடு என்னை இழுத்துக்கொண்டு மருத்துவமனை பில்லிங் கவுன்ட்டருக்குப் போனார். துணிக்கட்டை அவிழ்த்து, தையல் போட்ட கையைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் சந்து வழியாக உள்ளே நீட்டினார். "தம்பி, இது சுளுக்கா? நீயே தொட்டுப் பார்த்துச் சொல்." உள்ளே இருந்த பையன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்துவிட்டான். பாவம், அவன் எழுதியதுகூட இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் வரியில் மருத்துவரே மணிக்கட்டுச் சுளுக்கு என்றுதான் எழுதியிருந்தார். வந்த அன்று எழுதியதை யாரும் மாற்றவில்லை.

எஸ்63.3, அதாவது ஜவ்வு அறுந்தது, என்று திருத்தி வாங்க ஒன்பது நடை.

பெரம்பூர் ஆடிட்டர்

முதல் பதிவிட்ட தங்கைக்கு: உங்கள் குழுத்தலைவி பேனா மூடியைச் சரியான இடத்தில் வைத்தார், சரியான குறியீட்டைச் சொல்லவில்லை. எம்25.531 வெறும் வலிக்கு. இந்த அம்மாள் விழுந்திருக்கிறார். காயம் உறுதி, எந்தக் காயம் என்பதுதான் உறுதியில்லை. எஸ்69.91எக்ஸ்ஏ வந்திருக்க வேண்டும்.

என் அனுபவம் சிறியது. பழைய ஐசிடி-9இல் கார்ப்பல் (மணிக்கட்டுச் சிறு எலும்பு மூட்டு) சுளுக்கென்றால் 842.01, எந்தக் கை என்று கேட்பாரில்லை. அமெரிக்கா 2015 அக்டோபர் 1 அன்று ஐசிடி-10க்கு மாறியது. முதல் வாரத்தில் நான் இடக்கையை வலக்கையாக்கி ஒரு சார்ட்டை அனுப்பினேன். மாலையில் பேருந்துக் கம்பியைப் பிடித்தபோதுதான் உறைத்தது.

புதியவர்கள் கவனத்துக்குச் சில விஷயங்கள். எஸ்63.391 போன்ற குறியீடுகளில் ஆறாவது இடத்தில் 1 என்றால் வலது, 2 என்றால் இடது, 9 என்றால் குறிப்பிடவில்லை. 9 போடுவதற்கு முன் எக்ஸ்ரே அறிக்கை வரை புரட்டுங்கள். கை எது என்று எங்காவது எழுதியிருக்கும். ஏழாவது இடம் காயக் குறியீட்டில் காலியாக இருக்கக் கூடாது. நடுவில் இடம் குறைந்தால் எக்ஸ் போட்டு நிரப்புங்கள். எஸ்69.91க்கு எக்ஸ் வேண்டும், எஸ்63.391க்கு வேண்டாம். இதைக்கூடப் பலர் தப்பாகச் செய்கிறார்கள். சுளுக்கு எஸ்63.5, அறுந்தது எஸ்63.3, மருத்துவர் ஓரிடத்தில் ஒன்றும் இன்னோரிடத்தில் மற்றொன்றும் எழுதியிருந்தால் நீங்களாக முடிவு செய்யாதீர்கள், கேள்வி அனுப்புங்கள். தினமும் பத்து சார்ட் கூடுதலாகப் படியுங்கள். இரவு ஷிப்டில் சோற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள், தூக்கம் சொக்காது.

காசிமேட்டுத் தம்பிக்கு: கையைக் காட்டிப் பயனில்லை. முதல் நடையிலேயே மருத்துவரிடம் திருத்திய சம்மரி கேட்டிருந்தால் மீதி எட்டு நடை மிச்சம்.

காசிமேட்டுக்காரன்

சார், கேட்டோம். ஐந்து நடை அதற்குத்தான் போனது.

ராயபுரம் பிசியோ

இதில் பாதிக் குழப்பம் நம் வாயிலேயே இருக்கிறது. நம் ஊரில் எலும்போடு எலும்பைக் கட்டும் லிகமென்ட் என்றால் ஜவ்வு, எலும்போடு தசையைக் கட்டும் டென்டன் என்றால் நரம்பு, உண்மையான நரம்பும் நரம்புதான். பாடப்புத்தகம் தசைநார், தசைநாண் என்று பிரித்துச் சொல்கிறது. பத்திரிகை இரண்டையும் தசைநார் என்று ஒரே தட்டில் வைக்கிறது. குறியீட்டில் அந்த ஒரு எழுத்துக்கு வீடே மாறுகிறது. ஜவ்வு எஸ்63, டென்டன் எஸ்66. இரண்டும் சேர்ந்து காயப்பட்டால் இரண்டையும் எழுதலாம்.

என்னை விடாமல் துரத்துவது ஒரு குத்துச்சண்டைப் பையன். வியாசர்பாடி. பதினேழு வயது. 'நரம்பு பிசகியிருக்கிறது, நீவி விடுங்கள்' என்று அவனுடைய அம்மா கூட்டிவந்தார். கையில் ஒரு பழைய எக்ஸ்ரே, பார்த்தவர்கள் எலும்பு முறிவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். நான் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஸ்கேஃபாய்டுக்கும் லூனேட்டுக்கும் நடுவில் முன்பல் சந்துபோல ஓர் இடைவெளி. மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போனால் சந்தேகப்பட வேண்டும். பல்லிடுக்குக்குப் பேர்போன ஓர் ஆங்கில நகைச்சுவை நடிகரின் பெயரால் டெரி தாமஸ் அடையாளம் என்பார்கள். பையனுக்கும் முன்பல்லில் சந்து இருந்தது. அவன் சிரித்துக்கொண்டே, "சனிக்கிழமை போட்டி இருக்கிறது, அதற்குள் சரியாகிவிடுமா அண்ணா?" என்று கேட்டான்.

எனக்குப் பதில் வரவில்லை. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 1971 முதல் கைக்கென்றே தனி அறுவைப் பிரிவு இருக்கிறது, நாளைக் காலையே போங்கள் என்று எழுதிக்கொடுத்தேன். போனார்களா, சனிக்கிழமை மேடை ஏறினானா, எதுவும் தெரியாது.

கொருக்குப்பேட்டை கேட்

நான் கோடிங் தேர்வுக்குப் படிக்கிறவன். பயிற்சி சார்ட்டில் மணிக்கட்டு லிகமென்ட் கிழிந்து ஆறு வாரம் கழித்து அறுவை சிகிச்சைக்கு வருகிறார்கள். மூன்றாவது முறை வருகிறார் என்பதால் ஏழாவது எழுத்து டி என்று அடித்தேன். தவறு. சிகிச்சை நடக்கும்வரை எத்தனையாவது வருகை என்றாலும் ஏ. ஆறிவரும்போது பார்க்க வந்தால்தான் டி. பயிற்சி ஆசிரியர் என் விடையை வகுப்பில் உரக்கப் படித்துவிட்டு, "இவருக்கு அறுப்பதற்கு முன்பே ஆறிவிட்டது" என்றார். ரயில்வே கேட்டில் நிற்கும்போதெல்லாம் அது காதில் கேட்கிறது. அந்த கேட் எவ்வளவு நேரம் மூடியிருக்கும் என்று இங்கே சொல்ல வேண்டியதில்லை.

பிசியோ அண்ணா, முதல் பதிவில் வந்த அம்மாளுக்கு எம்ஆர்ஐயில் என்ன வந்தது என்று உங்களால் ஊகிக்க முடியுமா?

ராயபுரம் பிசியோ

சார்ட்டைப் பார்க்காமல் நான் எப்படிச் சொல்வது? அதைப் பார்த்தவரிடம் கேளுங்கள்.

தண்டையார்பேட்டைக் கோடர்

தெரியாது. அந்தச் சார்ட் அதற்குப் பிறகு என் வரிசைக்கு வரவில்லை. கிழிந்துதான் இருந்தது என்று வந்திருந்தால் என் மனம் கொஞ்சம் ஆறும் என்று ஒரு நாள் நினைத்தேன். நினைத்ததும் எனக்கே கூச்சமாகிவிட்டது. அவர் கை அல்லவா அது.

ஆடிட்டர் அண்ணா, குறிப்பில் 'விழுந்த பிறகு மூன்று வாரமாக வலி' என்றுதான் இருந்தது. காயம் என்ற சொல்லே இல்லை.

பெரம்பூர் ஆடிட்டர்

விழுந்தார் என்று இருக்கிறதல்லவா? எஸ்69.91எக்ஸ்ஏ.