ஆறாம் வகுப்பு மாணவி தன் தாயைத் தெரியாதவள் போல நிற்கிறாள்: இதைப் பள்ளியில் எப்படி எடுத்துச் சொல்வது?

கெடிலக்கரைத் தாய் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கடலூருக்கு அருகில், கெடிலம் ஆற்றை ஒட்டிய ஓர் ஊரில் வசிக்கிறோம். என் மகள் இங்குள்ள நடுநிலைப் பள்ளியில் இந்த ஆண்டு ஆறாம் வகுப்புக்கு வந்திருக்கிறாள். நான் அதே பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருக்கிறேன். ஐந்தாம் வகுப்பு வரை பெரும்பாலும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளே படிக்கும் இந்தப் பள்ளிக்கு, ஆறாம் வகுப்பிலிருந்து அக்கம்பக்கத்துத் தொடக்கப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளும் வந்து சேருகிறார்கள். ஒருவரையொருவர் அறியாத பிள்ளைகள் ஒரே அறையில் உட்காரும் முதல் ஆண்டு இது.

சென்ற மாதம் உணவின் தரத்தைப் பார்ப்பதற்காக மதிய வேளையில் பள்ளிக்குச் சென்றிருந்தேன். சமையல் உதவியாளராகப் பணிபுரியும் பெண் சோற்றை அள்ளிப் போட, பிள்ளைகள் வரிசையாகத் தட்டை நீட்டிக்கொண்டிருந்தார்கள். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், "ஏய் ஆயா, முட்டை எங்கே?" என்று கேட்டான். எங்கள் பக்கத்தில் ஆயா என்பது பாட்டியைப் பாசத்தோடு கூப்பிடும் சொல். அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயதுகூட இருக்காது. முன்னால் ஓர் "ஏய்" சேர்ந்ததும் பாட்டியும் போய்ப் பாசமும் போய் அது வெறும் வேலையின் பெயராகிவிட்டது. அதே பையன் அடுத்த நொடி திரும்பி, அருகில் நின்ற ஆசிரியையிடம், "மிஸ், உங்களுக்குத் தண்ணீர் எடுத்துட்டு வரட்டுங்களா?" என்று பணிவாகக் கேட்டான். அவன் மரியாதை தெரியாதவன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதை யாருக்குக் கொடுத்தால் போதும் என்று எங்கோ கற்றுக்கொண்டிருக்கிறான்.

என்னை அதைவிட உறுத்தியது வேறொன்று. அந்தப் பெண்ணின் மகள் என் மகளுடன் படிக்கிறாள். அன்று அவள் வரிசையின் கடைசியில் நின்றாள். முன்னால் நால்வர் இருக்கும்போது, காலணி வாரை மாட்டுவதுபோலக் குனிந்து இன்னும் இருவருக்கு வழிவிட்டாள். கரண்டி தன் தாயின் கையிலிருந்து மற்றொரு பணியாளரின் கைக்குப் போன பிறகே தட்டை நீட்டினாள். தாயும் மகளின் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமலிருக்க அவர் பழகியிருந்தார் என்றே எனக்குப் பட்டது. வீட்டில் என் மகளிடம் விசாரித்தபோது, "அவங்க அம்மான்னு புதுசா வந்தவங்களுக்குத் தெரியக் கூடாதாம்மா" என்றாள்.

குழுக் கூட்டத்தில் எழுப்பினால் அந்தச் சிறுமியின் பெயர் ஊர் முழுக்க அடிபடும். தலைமையாசிரியரிடம் தனியாகச் சொன்னால், குறை சொல்ல வந்தவளாக என்னை நினைத்துவிடுவாரோ என்று தயக்கமாக இருக்கிறது. பார்த்தும் பாராமல் இருக்கவும் மனம் ஒப்பவில்லை. பள்ளிகளில் பணியாற்றியவர்களும் இதே நிலையில் இருந்த பெற்றோரும் வழி சொல்ல வேண்டுகிறேன்.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், பண்ருட்டி

அம்மா, உங்கள் தயக்கம் நியாயமானது. அந்தப் பிள்ளையையோ தாயையோ அடையாளம் காட்டும் ஒரு சொல்கூடக் கூட்டத்தில் வரக் கூடாது. அதில் உறுதியாக இருங்கள். மற்றபடி இதைப் பேசுவதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 21-ஆம் பிரிவில், பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. பள்ளியின் நடப்பில் உங்களுக்கும் பொறுப்பு இருக்கிறது என்பதே அதன் பொருள்.

என் அனுபவத்தை மறைக்காமல் சொல்கிறேன். நான் பணியாற்றிய நடுநிலைப் பள்ளியிலும் சமையல் பணியாளர்களைப் பிள்ளைகள் இப்படித்தான் விளித்தார்கள். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பேசினேன், குறள் எழுதிப் போட்டேன், சுவரில் வாசகம் தீட்டினேன். ஓர் ஆண்டு கழிந்தும் ஒன்றும் மாறவில்லை. பிள்ளைகளுக்குப் பரிமாறுவதற்கு முன்பு ஆசிரியர் ஒருவர் உணவைச் சுவைத்துப் பார்க்க வேண்டும் என்பது நடைமுறை. எங்கள் சமையலர் ஒரு சிறிய தட்டில் சோறும் குழம்பும் எடுத்துக்கொண்டு என் அறைக்கு வருவார். நான் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமலேயே ஒரு வாய் போட்டுக்கொண்டு, "சரி, போடு" என்பேன். அவர் என்னைவிட மூத்தவர். கையொப்பத்துக்காக வாசலில் காத்து நிற்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இதை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் சமையலறைப் பக்கமாக நடந்தபோது, ஒரு மாணவன் தட்டை நீட்டி, "சரி, போடு" என்று சொல்வது காதில் விழுந்தது. குரல் ஏற்ற இறக்கம்கூட என்னுடையதாகவே இருந்தது.

மறுநாளிலிருந்து நான் சமையலறைக்குப் போய், அங்கிருந்த விசுப்பலகையில் உட்கார்ந்து, பிள்ளைகள் பார்க்கும்படி உண்டு, "அம்மா, இன்று உப்புச் சற்றுக் குறைகிறது, பாருங்கள்" என்று பன்மையில் பேசத் தொடங்கினேன். நம் மொழியில் மரியாதை தனிச் சொல்லாக வந்து நிற்பதில்லை. வந்தாள், வந்தார் என்று வினையின் ஈற்றிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆசிரியர் வகுப்பில் நின்றுகொண்டு, "சமையல்காரி வந்துட்டாளா, பார்" என்று ஒரு மாணவனை அனுப்பினால், அன்றைய நன்னெறிப் பாடம் அந்த ஒரு வாக்கியத்திலேயே நடந்து முடிந்துவிடுகிறது. எங்கள் ஆசிரியர்கள் சிலருக்கு முதலில் இது பிடிக்கவில்லை. வற்புறுத்தவும் முடியாது, நான் செய்வதைப் பார்த்து ஒவ்வொருவராக மாற இரண்டு பருவங்கள் ஆயின.

ஆறாம் வகுப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வேற்றூர்ப் பிள்ளைகள் வந்து சேரும்போது, பெயர் மனத்தில் பதியும் முன்பே "குப்பத்துப் பையன்", "காலனிப் பிள்ளை" என்று குறிப்பிடும் வழக்கம் ஆசிரியர்களிடமும் இருக்கிறது. காலனி என்ற சொல் வசையாகவும் தீண்டாமையின் குறியீடாகவும் ஆகிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்து அது நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஆவணத்தில் நீங்கும் சொல் வகுப்பறையில் வாழக் கூடாது. பள்ளிகளில் சாதி மோதல்களைத் தடுக்க வழி ஆராய்ந்த, ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான குழு 2024 ஜூனில் அரசிடம் அளித்த அறிக்கை, மாணவர்களைப் பெயரின் அகர வரிசைப்படி அமர வைக்கப் பரிந்துரைத்தது. எளிய ஏற்பாடுதான், ஆனால் தெருவாரியாகக் கூடி உட்காரும் வழக்கத்தை அது முதல் நாளிலேயே கலைத்துவிடும். 2024 நவம்பரில் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய மகிழ் முற்றம் என்ற மாணவர் குழுத் திட்டத்தில் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று பிள்ளைகளைப் பிரிக்கிறார்கள் அல்லவா? உங்கள் பள்ளியின் பட்டியலை வாங்கி, ஒரே தெருப் பிள்ளைகள் ஒரே குழுவில் குவிந்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

தலைமையாசிரியரிடம் குறையாகச் சொல்லாமல், "சமையல் பணியாளர்களையும் ஒரு முறை குழுக் கூட்டத்துக்கு அழைக்கலாமா, ஐயா?" என்று கேட்டுப் பாருங்கள்.

முதுநகர்த் தந்தை

ஐயா சொல்வதில் எனக்கு உடன்பாடு உண்டு என்றாலும், ஒரு பக்கம் விடுபட்டுப் போகிறது. நாங்கள் படித்த காலத்தில் ஆசிரியர் எதிரே வந்தால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்போம். இன்று என் மகன் படிக்கும் பள்ளியின் வாசலில், ஒரு தகப்பனார் இளம் ஆசிரியை ஒருவரைப் பார்த்து, "நீ என்ன பாடம் நடத்துற?" என்று இருபது பிள்ளைகள் சூழ்ந்து நிற்கக் கேட்டார். அந்த ஆசிரியை பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். வகுப்பு வாட்ஸப் குழுவில் பெற்றோர் ஆசிரியர்களைப் பற்றி எழுதுவதைப் பிள்ளைகளே எங்களுக்குப் படித்துக் காட்டுகிறார்கள். ஆசிரியருக்கே மதிப்பு இல்லாத இடத்தில் சமையல் செய்பவருக்கு அது எங்கிருந்து வரும்?

அந்த ஏழாம் வகுப்புப் பையனை அன்றே நிறுத்தி, இரண்டு அடி கொடுத்திருந்தால் மறுபடியும் "ஏய்" என்று அவன் வாயில் வந்திருக்காது என்பது என் எண்ணம். கண்டிக்கவே அஞ்சும் நிலைக்கு ஆசிரியர்களைக் கொண்டுவந்தது நாம்தான்.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், பண்ருட்டி

முதுநகர் நண்பருக்கு: பெற்றோரைப் பற்றி நீங்கள் எழுதியது முழுக்க உண்மை, அதை நான் விட்டுவிட்டது பிழைதான். அடியைப் பற்றி மட்டும் மாறுபடுகிறேன். அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. சட்டம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம்; அடி வாங்கிய பையன் யாரிடம் மன்னிப்புக் கேட்பான்? அடித்த ஆசிரியரிடம் கேட்பான். சோறு போட்டவரிடம் கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றாது. கண்டிக்கத்தான் வேண்டும்: அதே இடத்தில், தாழ்ந்த குரலில், "அம்மாவிடம் சரியாகக் கேள்" என்று சொல்லி, அவன் மீண்டும் கேட்கும் வரை வரிசையை நிறுத்தி வைக்கலாம்.

பழைய மாணவி, கடலூர்

நான் அந்தச் சிறுமியின் இடத்தில் இருந்தவள் என்பதால் எழுதுகிறேன். என் தந்தை இறந்த பிறகு என் தாய்க்குச் சத்துணவுக் கூடத்தில் வேலை கிடைத்தது. 1982-இல் சத்துணவுத் திட்டம் வந்ததிலிருந்து என் தாயைப் போலக் கணவரை இழந்த எத்தனையோ பெண்களைக் காப்பாற்றிய வேலை அது. எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததும் அதனால்தான். ஆனாலும் பள்ளியில் நான் அவரை அம்மா என்று கூப்பிட்டதில்லை.

2015 நவம்பர், டிசம்பர் மழையில் கடலூர் வெள்ளக்காடானபோது எங்கள் பள்ளி நிவாரண முகாமாக இருந்தது. நான் அப்போது ஏழாம் வகுப்பு. என்னைக் கேலி செய்த பிள்ளைகளின் குடும்பங்கள் என் வகுப்பறையிலேயே பாயை விரித்துத் தங்கியிருந்தன. என் தாய் இரவு பகலாக அவர்களுக்குச் சமைத்தார். அந்த நாட்களில் "அக்கா, குழந்தைக்குக் கொஞ்சம் கஞ்சி கிடைக்குமா?" என்று எல்லோரும் கேட்டார்கள். இனி எல்லாம் மாறிவிடும் என்று நம்பினேன். தண்ணீர் வடிந்து, பள்ளி திறந்து, பத்து நாட்களில் "ஏய்" திரும்பி வந்துவிட்டது. பசிக்காக வந்த மரியாதை பசியோடு போய்விட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு முறை ஓர் ஆசிரியர் நல்லெண்ணத்தோடு என்னை எழுப்பி நிற்க வைத்து, "இவளுடைய அம்மா எவ்வளவு கஷ்டப்படுகிறார் தெரியுமா? இவளை யாரும் கேலி செய்யக் கூடாது" என்று வகுப்புக்குச் சொன்னார். கேலி செய்தவர்களை நான் மறந்துவிட்டேன்; அந்த ஐந்து நிமிடங்களை இன்றுவரை மறக்க முடியவில்லை. தயவுசெய்து அப்படி எதுவும் நடக்க விடாதீர்கள்.

எனக்கு உதவியவர் தமிழாசிரியை ஒருவர். அவர் எதையும் விளக்கவில்லை. ஒரு நாள் பாடத்தின் நடுவில், "உங்க அம்மாகிட்ட போய், வைப்பறைச் சாவியை நான் கேட்டேன்னு வாங்கிட்டு வாம்மா" என்று எல்லோர் முன்னிலும், சந்தையில் காய் வாங்கி வரச் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னார். நான் போனேன், வாங்கி வந்தேன். யாரும் சிரிக்கவில்லை. அடுத்த வாரமும் அனுப்பினார்.

கெடிலக்கரைத் தாய்

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. குறிப்பாகப் பழைய மாணவிக்கு; உங்கள் மடலை இரண்டு முறை படித்தேன், தங்கையே.

தலைமையாசிரியரிடம் பணியாளர்களைக் கூட்டத்துக்கு அழைப்பது பற்றி மட்டும் கேட்டேன். அவர் சற்று யோசித்து ஒப்புக்கொண்டார். கூட்டத்தன்று தேநீர்த் தட்டோடு உள்ளே வந்த அந்தப் பெண், எல்லோருக்கும் கொடுத்துவிட்டு வழக்கம்போலச் சுவரோரம் நின்றார். தலைமையாசிரியர் எழுந்து போய்ப் பக்கத்து அறையிலிருந்து ஒரு நாற்காலியைத் தாமே தூக்கி வந்து, "உட்காருங்கம்மா, உங்களையும்தான் கூப்பிட்டிருக்கிறோம்" என்றார். அவர் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். உங்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டபோது, யாரும் எதிர்பாராத ஒன்றைச் சொன்னார்: பிள்ளைகள் சாப்பிட்ட தட்டை உட்கார்ந்த இடத்திலேயே விட்டுப் போகாமல், குழாயடிக்கு எடுத்து வந்து கழுவி வைக்க வேண்டும். எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. இருநூறு எச்சில் தட்டுகளைக் குனிந்து பொறுக்குகிறவருக்கு எது முதலில் வலிக்கும் என்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. தீர்மானப் பதிவேட்டில் அதை எழுதிக் கையொப்பமிட்டோம். தட்டைக் கழுவி வைக்கும் வேலை ஆசிரியர்களுக்கும் பொருந்தும் என்று ஓர் ஆசிரியையே எழுந்து சொன்னார்.

மகிழ் முற்றப் பட்டியலையும் பார்த்தோம். ஆறாம் வகுப்பில் நெய்தல் குழுவில் உள்ள ஒன்பது பேரில் ஏழு பேர் ஒரே தெருப் பிள்ளைகள். கலைத்துப் போடுவதாகத் தலைமையாசிரியர் சொல்லியிருக்கிறார். வைப்பறைச் சாவியைப் பற்றியும் பெயர் குறிப்பிடாமல் வகுப்பாசிரியையிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அந்தச் சிறுமி நேற்றும் வரிசையின் கடைசியில்தான் நின்றாளாம். அடுத்த கூட்டம் முடிந்ததும் மீண்டும் எழுதுகிறேன்.