புதுப்பிப்பு: சோற்றைக் குறைத்த பிறகு இன்சுலின் கணக்கு

முதல் வகை நீரிழிவுக்காக இன்சுலின் போட்டுக்கொள்ளும் நான், மதியச் சோற்றை 200 கிராமிலிருந்து 80 கிராமாகக் குறைத்தும் ஊசியின் அளவைக் குறைக்காததால், சர்க்கரை 58-க்கு இறங்கிக் கை நடுங்கியதைச் சென்ற மாதம் எழுதியிருந்தேன். சமைத்த சோறு 100 கிராமில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து இருப்பதால், சாப்பிடாத 34 கிராம் மாவுச்சத்துக்கும் சேர்த்து இன்சுலின் ஏற்றியிருக்கிறேன் என்பது மருத்துவருடன் உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோதுதான் புரிந்தது. இப்போது தராசில் நிறுத்த பிறகே சோறு தட்டுக்கு வருகிறது.

நான் எதிர்பாராதது வேறொன்று. மீனும் முட்டையும் கூடுதலாகச் சாப்பிடும் நாட்களில், புரதத்தின் ஒரு பகுதி கல்லீரலில் சர்க்கரையாக மாறுவதால், மூன்று நான்கு மணி நேரம் கழித்து அளவு மெல்ல ஏறுகிறது. அதற்கான ஊசியை மருத்துவர் தனியாகப் பிரித்துத் தந்திருக்கிறார்.

மாவுச்சத்தை அடியோடு விட்டால் ஊசியையும் நிறுத்திவிடலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். தயவுசெய்து வேண்டாம். பட்டினி கிடந்தாலும் கல்லீரல் சர்க்கரையை வெளியிட்டுக்கொண்டுதான் இருக்கும். நாள் முழுக்க மெல்ல வேலை செய்யும் நீண்ட நேர இன்சுலின் நின்றுபோனால், கொழுப்பு கரையும்போது உண்டாகும் கீட்டோன் என்ற அமிலம் இரத்தத்தில் பெருகி உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

சர்க்கரை இறங்கினால் உடனே சாப்பிட, சட்டைப் பையில் 15 கிராம் குளுக்கோஸ் பொட்டலம் இப்போதும் இருக்கிறது. இந்த மாதத்தில் அதை ஒரே ஒரு முறைதான் பிரித்தேன்.